மல்லிகைக்குக் கவாத்து: ஏன், எப்போது, எவ்வளவு?

பூச்செடியை வளர்ப்பது எளிது. அதனை அளவோடு நிறுத்துவதே அரிது. பச்சைப் பசேலென்று நிற்கும் செடியின்மேல் அரிவாளை வைக்க எவருக்கும் மனம் எளிதில் வருவதில்லை. நெல்லையும் கரும்பையும் தயங்காமல் அறுக்கும் விவசாயி, மல்லிகைப் புதரை வெட்டச் சொன்னால் மட்டும் இரண்டு முறை யோசிக்கின்றார். இந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டா, இல்லையா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் நிலக்கோட்டை, திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியும், ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலத்தைச் சுற்றியும் எத்தனையோ சிறு குடும்பங்களுக்கு மல்லிகையே அன்றாட வருவாய். மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பெயரும் மணமும் வந்தபின், அவற்றுக்கேற்ற விளைச்சலை எடுப்பது நம் பொறுப்பு. அதற்குரிய வேலைகளுள் முதன்மையானது கவாத்து.

கவாத்து ஏன் வேண்டும்?

மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. புதிதாக வெடித்து வரும் இளந்தளிரின் நுனியிலும் பக்கத்திலுமே மொட்டு வைக்கின்றது. ஆகவே, செடியில் எத்தனை புதுத் தளிர்கள் உண்டோ அத்தனைக்கே பூவை நாம் எதிர்பார்க்கலாம். முதிர்ந்த கிளைகள் இடத்தை அடைத்துக்கொண்டு நீரையும் எருவையும் உண்ணுமே தவிர, மொட்டுக்கு உதவா.

கிளையின் நுனி இருக்கும்வரை அது தனக்குக் கீழுள்ள கணுக்களை உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டியதும் அக்கணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த உணவைக்கொண்டு ஒரு கிளை இருந்த இடத்தில் பல தளிர்கள் தோன்றுகின்றன. வெட்டப்பட்ட செடி வாடிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லாமற் போவது இதனால்தான்.

செடியின் உயரத்துக்கும் பூப்பறிப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நன்கு முதிர்ந்த, ஆனால் விரியாத மொட்டையே சந்தை ஏற்கும். ஆதலின் விடியுமுன்னரே பறிப்பு தொடங்கிவிடுகின்றது. ஒரு கிலோ எடைக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளவேண்டும். புதர் கட்டுக்கடங்காமல் வளர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் மொட்டு பறிப்போரின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. அன்று மாலையே அது செடியில் விரிந்து வீணாகின்றது. அடர்ந்த புதருக்குள் இருட்டில் கையை விடும் பெண்களுக்குப் பாம்பு, தேள் பற்றிய பயம் வேறு. மொட்டுப்புழுவும் சிலந்திப்பேனும் பதுங்குவது அந்த அடர்த்திக்குள்ளேதான். மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவதும் இல்லை.

எப்போது, எவ்வளவு?

குண்டுமல்லிக்கு நவம்பர் மாதக் கடைசி வாரம் ஏற்ற காலம். தரையிலிருந்து 50 செண்டிமீட்டர் உயரத்தில் வெட்டவேண்டும். பிச்சி எனப்படும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் பொருந்தும். இவ்விரண்டையும் 45 செண்டிமீட்டரில் வெட்டலாம். அது ஏறக்குறைய ஒரு முழம். கட்டிய பூவை அளக்கும் அதே முழம் செடியை அளக்கவும் உதவுகின்றது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். குண்டுமல்லிக்கு முழத்துக்கு மேல் மூன்று விரற்கடை விடுக. அளவு குச்சி ஒன்றை நறுக்கிக் கையில் வைத்துக்கொண்டால் தோட்டம் முழுதும் ஒரே சீராக அமையும்.

நாள் குறித்துவிட்டோம் என்பதற்காகக் கொட்டும் மழையில் வெட்டலாகாது. வடகிழக்குப் பருவமழை நீடித்தால் சில நாள் பொறுப்பதே நன்று. ஈரத்தில் வெட்டிய வாயில் பூஞ்சணம் எளிதில் புகும்.

நட்ட முதல் ஆண்டில் இளஞ்செடிக்குக் கடுமையான கவாத்து வேண்டா. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிச் செடி குடைபோல் அமையும். அடுத்த ஆண்டு முதல் முறையான கவாத்தைத் தொடங்கலாம்.

செய்யும் முறை

1. கவாத்துக்குச் சில நாள் முன்னரே நீர் பாய்ச்சுவதை நிறுத்துக.

2. செடியின் கிளைகளைக் கயிற்றால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுக. வெட்டுவதும் எளிது, வெட்டியதை அப்புறப்படுத்துவதும் எளிது.

3. கூர்மையான கவாத்துக் கத்தரியைப் பயன்படுத்துக. மழுங்கிய அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்து, பட்டை உரியும். வெட்டு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக இருக்கவேண்டும். அப்போது நீர் தங்காது.

4. உயரத்தைக் குறைத்தபின், காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகிய கிளைகளை அடியோடு நீக்குக. நடுவில் வெயிலும் காற்றும் புகவேண்டும்.

5. தடித்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோப் பசையைத் தடவுக. நோயுற்ற செடியை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பின்னரே அடுத்த செடிக்குச் செல்க.

6. செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திக் களை நீக்கி, எருவிட்டு நீர் பாய்ச்சுக.

எருவின் அளவு

வெட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவோர் பலர். புதுத் தளிருக்கு உணவு தராமல் கவாத்து மட்டும் செய்வது, மாட்டைக் கறந்துவிட்டுத் தீவனம் போட மறப்பதற்கு ஒப்பாகும்.

குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், 60 கிராம் தழைச்சத்தும், 120 கிராம் மணிச்சத்தும், 120 கிராம் சாம்பல்சத்தும் தேவை. இரசாயன உரத்தை இரு பகுதியாக்கி, கவாத்து முடிந்ததும் ஒரு பகுதியையும், ஜூன் - ஜூலையில் மறு பகுதியையும் இடவேண்டும். ஒரு தடவைக்குச் செடி ஒன்றுக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்கு வரும். தண்டை ஒட்டிப் போடாமல் சுமார் 30 செண்டிமீட்டர் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடவேண்டும். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,600 செடிகள் கொள்ளும். எனவே செலவு சிறிதன்று. மண் பரிசோதனை செய்து அளவைத் திருத்திக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

விலையும் விளைச்சலும்

இனி, விவசாயிகளின் தயக்கத்துக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்து குறைகின்றது. பொங்கலும் திருமணங்களும் வருவதால் விலை ஏறுகின்றது. அந்த நேரத்தில் செடியை மொட்டையடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா என்பது அவர்கள் கேள்வி. அது புறக்கணிக்கத் தக்க கேள்வி அன்று. அன்றாடப் பூக்காசை நம்பிக் கடைக் கடனும் பள்ளிச் செலவும் தீர்க்கும் குடும்பத்துக்கு மூன்று மாத இடைவெளி பெரிய சுமையே.

ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். குளிரில் வெட்டாத செடி தருவது சில கைப்பிடிப் பூ. அதற்காகக் கவாத்தைக் கைவிட்டால் மார்ச் முதல் செப்டம்பர் வரை நீளும் முழுப் பருவமும் மெலிந்துபோகும். அதே வேளையில், ஊர் முழுதும் ஒரே வாரத்தில் வெட்டினால் எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் பூத்து, சந்தையில் பூ குவிந்து, விலை சரியும். பறிக்க ஆளும் கிடைக்காது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. தோட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதியை நவம்பர் இறுதியில் வெட்டுங்கள். அடுத்த பகுதியை மூன்று வாரம் கழித்து வெட்டுங்கள். ஒரு சிறு பகுதியைப் பொங்கல் வரை விட்டு, அதன்பின் வெட்டுங்கள். கடைசிப் பகுதி தாமதமாகவே பூக்கும். ஆனால் கையில் காசு அடியோடு வற்றாது. ஒரே நாளில் ஆள் தேடி அலையவும் நேராது. முதல் ஆண்டில் சில வரிசைகளில் மட்டும் செய்து, பறித்த எடையையும் விற்ற விலையையும் குறிப்பேட்டில் எழுதி வருக. அண்டை வீட்டார் சொல்லைவிட அந்தக் குறிப்பேடு நமக்கு நல்ல வழிகாட்டி.

கவாத்து எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் கூற வரவில்லை. வேரழுகல் கண்ட செடியையும், நூற்புழுவால் வேர் கெட்ட செடியையும் எவ்வளவு வெட்டினாலும் பயனில்லை. அவற்றைப் பிடுங்கி எரிப்பதே மற்றச் செடிகளைக் காக்கும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கவாத்துத் தொடங்குமுன் கிராம சபையில் பூ விவசாயிகளைக் கூட்டி, எந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எப்போது வெட்டப்படும் என்று பேசி முடிவு செய்தால் விலைச் சரிவும் ஆள் தட்டுப்பாடும் குறையும். நல்ல கத்தரிகள் சிலவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தால் ஏழை விவசாயிக்கும் அவை எட்டும். தோட்டக்கலை அலுவலரை அழைத்து ஒரு தோட்டத்தில் நேரில் செய்து காட்டச் சொல்லலாம். வெட்டிய நோயற்ற குச்சிகளில் தரமானவற்றைத் தேர்ந்து நாற்றங்காலில் ஊன்றலாம். மீந்த தழையை மக்க வைத்து எருவாக்கலாம். வரப்பில் எறிந்துவிட்டால் அதுவே புழுவுக்கும் பூச்சிக்கும் வீடாகும்.

ஒரு முழம் விட்டு வெட்டிய செடியைப் பார்த்து வருந்தவேண்டியதில்லை. மாசியில் அதன் கணுக்களில் துளிர்த்து நிற்கும் தளிர்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த கார்த்திகையில் கத்தரியை எடுக்க எவரும் உங்களுக்குச் சொல்லவேண்டியிராது.