பிரசாதப் பெயர்களும் அவற்றின் பொருளும்

முருகப்பெருமானின் மலைத்தலமாகிய திருத்தணி, திருமலை யாத்திரிகர் பலர் கடந்து செல்லும் ஊருமாகும். சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. நிலத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது; திருமடைப்பள்ளியின் சொற்களோ இரு மொழிக்கும் உறவாகவே நிற்கின்றன.

தயிர் கலந்த அன்னத்தைத் தமிழர் 'ததியோதனம்' என்பர். தெலுங்கர் 'தத்தோஜனம்' என்பர். பின்னதைப் 'போஜனம்' என்ற சொல்லோடு இணைத்துப் பொருள் கொள்வது பொருந்தாது. வடமொழியில் 'ததி' என்பது தயிர். 'ஓதனம்' என்பது சோறு. இரண்டும் புணர்ந்த 'தத்யோதனம்' என்ற சொல்லே இருவர் நாவிலும் இருவேறாக ஒலிக்கிறது. புளியோதரையிலும் அவ்வோதனமே திரிந்து நிற்கிறது என்பர். அதனையே தெலுங்கர் 'புளிஹோர' என வழங்குகின்றனர்.

'அக்காரவடிசில்' என்ற பெயரைக் கேட்டு, வடித்த சோறு என எண்ணுவாரும் உளர். பாலிலே அரிசியைக் குழைய வேகவைத்து வெல்லமும் நெய்யும் சேர்க்கும் இவ்வமுதில் கஞ்சி வடிப்பதற்கே இடமில்லை. அக்காரம் என்பது சர்க்கரை. அடிசில் என்பது சமைத்த உணவு. 'அடு' என்னும் வினைக்குச் சமைத்தல் என்பது பொருள். இடையில் வந்த வகரம் உடம்படுமெய்யே. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பாத்திரங்களில் இதனை நேர்ந்தாள் என்பதும், எம்பெருமானார் அதனை நிறைவேற்றி வைத்தார் என்பதும் வைணவர் நன்கறிந்த செய்திகள்.

ரசத்தைச் 'சாற்றமுது' என்றும், காய்கறியைக் 'கறியமுது' என்றும், பாயசத்தைத் 'திருக்கண்ணமுது' என்றும் சொல்வது ஸ்ரீவைஷ்ணவ மரபு. ஆயினும், 'அமுது' என்று முடியும் இவ்வழக்கு ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவை காணப்படுகின்றன. இறைவனுக்கு நிவேதிப்பதற்கென்றே அமைந்த பொருள் என்பதனை அவ்வொரு சொல் உணர்த்துகிறது.

எனவே, ஒரு மொழியினர் சொல்வது தூயது, மற்றவர் சொல்வது சிதைந்தது என இகழ்தல் தகாது. பிரசாதம் என்ற சொல்லுக்கே தெளிவு, அருள் என்பன பொருளாம். பெயரின் பொருளறிந்து பெறுங்கால், கையில் ஏந்திய ஒரு பிடி அன்னமும் பல தலைமுறையினரின் பக்தியை நினைவூட்டும். வீட்டுச் சிறார்க்கும் இப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்தல் பெரியோர் கடனாகும்.