கேஜிஎஃப் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியதிலிருந்து கோலார் தங்க வயலான கேஜிஎஃப் விடிவது மாரிகுப்பம் ரயிலோடுதான். தெருவுக்குத் தெரு பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்களாக எதிர்த் திசையிலும் கொஞ்சம் கூட்டம் வருகிறது. 2018 டிசம்பரில் ‘கேஜிஎஃப்’ படம் வெளியானது முதல் சயனைட் குன்றைத் தேடி வாலிபர்கள் வருகிறார்கள். கம்மசந்திரம் கோடிலிங்கேஸ்வரரையும் பங்காரு திருப்பதியையும் சேவிக்கக் குடும்பங்கள் வருகின்றன. ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை எக்ஸ்பிரஸ் சாலை வந்த பிறகு காரில் வருவது இன்னும் சுலபமாகிவிட்டது. “மாடி போர்ஷன் சும்மாதானே கிடக்கு, ஆன்லைனில் போட்டு வாடகைக்கு விடலாமா?” என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

விடலாம். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களில் உங்களுக்குத் தெளிவு வேண்டும்: வீடு யார் பேரில் இருக்கிறது, வீட்டில் யார் குடியிருக்கிறார்கள். மற்ற காகிதங்கள் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதல் படி: வீடு யாருடையது?

வேறு ஊரில் இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். கேஜிஎஃபில் முடியாது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் இந்த ஊர் இரண்டு விதமாக வளர்ந்தது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கம் கடைத்தெருவும் சொந்த வீடுகளும். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஊர்காம், கோரமண்டல் பக்கம் கம்பெனி கட்டிய லைன் வீடுகள், அதிகாரிகளின் ஓட்டு பங்களாக்கள். கம்பெனி நிலம் பின்னால் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் கைக்கு, அதாவது பிஜிஎம்எல்லுக்குப் போனது. சுரங்கம் மூடியும் நிலம் அதனிடமே இருந்தது. தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறையாகக் குடியிருக்கலாம், சொந்தச் செலவில் டைல்ஸ் போட்டு, பின்பக்கம் சமையலறையும் இழுத்திருக்கலாம். கையில் இருப்பது கம்பெனி அலாட்மென்ட் சீட்டு மட்டும் என்றால், அந்த வீட்டை வாடகைத் தொழிலுக்குப் பதிவு செய்ய வழியில்லை. பிஇஎம்எல் நிறுவனத்தின் குவார்ட்டர்ஸான பிஇஎம்எல் நகரில் இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். இதை வலியோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியூர்க்காரர் ஆசையாகப் பார்க்க வருவது அந்த லைன்களைத்தான்.

சொந்த வீடு என்றால் கிரயப் பத்திரம், ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று, உள்ளாட்சியின் சொத்துவரிப் பதிவான காத்தா மூன்றும் ஒரே பேரைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். அப்பா பேரில் பத்திரம், இறந்துபோன பெரியப்பா பேரில் காத்தா என்று கிடக்கும் வீடுகள் அதிகம். நகரசபை எல்லைக்குள் இருந்தால் ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் இ-காத்தா வாங்குங்கள். 2024 அக்டோபருக்குப் பிறகு கர்நாடகத்தில் சொத்துப் பதிவுக்கே இ-காத்தா கேட்கிறார்கள். ஏ காத்தாவா பி காத்தாவா என்பதையும் கவனியுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையின் மீது எழும்பிய வீட்டுக்குத் தருவது பி காத்தா. அது கந்தாயம் (சொத்து வரி) கட்ட உதவும், கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறது என்று காட்ட உதவாது. பேத்தமங்கலம், கம்மசந்திரம் பக்கத்து கிராமங்களில் வீடு இருந்தால் பஞ்சாயத்தில் இ-ஸ்வத்து வழியாக வரும் 9-ஆம் படிவம், 11-ஆம் படிவம்தான் இதற்கு ஈடு.

கந்தாய பாக்கி இருந்தால் இப்போதே தீர்த்துவிடுங்கள். ஏப்ரல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

இரண்டாம் படி: வீட்டில் ஆள் இருக்கிறாரா?

ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் விருந்தாளிக்குச் சில அறைகளை விடுவது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ ஹோம்ஸ்டே திட்டத்தில் குறைந்தது 1 அறை, அதிகம் 6 அறை, 12 படுக்கை என்று கணக்கு. உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். தரத்தைப் பார்த்து வெள்ளி, தங்கம் என்று இரண்டு வகுப்பு. தங்க வயலில் வெள்ளிச் சான்று வாங்கி மாட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஆனாலும் சின்ன வீட்டுக்கு வெள்ளி போதும். கர்நாடக சுற்றுலாத் துறையின் பதிவும் இதே கருத்தில் நடப்பதுதான்.

ஆக, குடும்பம் முழுக்க பெங்களூரில் குடியேறி, சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு ஆப் மூலம் ஆள் அனுப்புவது ஹோம்ஸ்டே ஆகாது. லாட்ஜுக்குரிய அனுமதிகளைத்தான் நாட வேண்டும். கேஜிஎஃபில் இதுதான் அதிகம் நடக்கப்போகிறது என்பது என் கணிப்பு, பூட்டிய வீடுகள் அவ்வளவு.

இந்தக் கண்டிப்பு நம்மூரில் மட்டும் இல்லை. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் பதிவு செய்ய வேண்டும், விருந்தாளி இருக்கும்போது தானும் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அமல்படுத்திவிட்டது. பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், 10,000-க்கும் மேற்பட்ட சுற்றுலா ஃபிளாட்டுகளின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடப்போவதாக 2024-இல் அறிவித்தது. அங்கே உள்ளூர்க்காரருக்கு வாடகை வீடு கிடைக்காத கவலை. நமக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை.

மூன்றாம் படி: இரண்டு திசையில் நடை

சுற்றுலாத் துறையின் மாவட்ட அலுவலகம் இருப்பது கோலாரில். போலீஸ் விஷயத்துக்குக் கோலார் எஸ்.பி.யிடம் போகாதீர்கள். கேஜிஎஃப் தனி போலீஸ் மாவட்டம், எஸ்.பி.யும் இங்கேயே. உங்கள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டேஷன் எல்லை சந்திக்கும் இடத்தில் வீடு இருந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

கையில் ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். கிரயப் பத்திர நகல், காத்தா, நடப்பு ஆண்டு கந்தாய ரசீது, அடையாளச் சான்று, அதே முகவரியில் நீங்கள் குடியிருப்பதற்கான சான்று, வீட்டு பிளான், அறை, குளியலறை, வாசல், தெரு தெரியும்படி போட்டோக்கள். கூட்டுச் சொத்து என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம். விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் கன்னடத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். வீட்டில் தமிழே பேசினாலும் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்திருப்பார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

நகரசபையில் டிரேட் லைசென்ஸ் வேண்டுமா என்றும், பெஸ்காம் அலுவலகத்தில் மின்சாரத்துக்கு வீட்டுக் கட்டணமா வணிகக் கட்டணமா என்றும் எழுதிக் கொடுத்தே கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த பதில் அடுத்த அதிகாரி வந்ததும் மாறிவிடும்.

ஸ்டேஷனில் கொஞ்சம் அதிகமாகவே துருவிக் கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2012 ஜூலை 28 அன்று மங்களூர் படீலில் ஒரு ஹோம்ஸ்டேயில் பிறந்தநாள் கொண்டாடிய இளைஞர்களையும் பெண்களையும் ஒரு கும்பல் புகுந்து அடித்தது. 2025 மார்ச் 6 இரவு, ஹம்பிக்கு அருகே சாணாபுரத்தில் விருந்தாளிகளைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப்போன ஹோம்ஸ்டே பெண்ணும் ஓர் இஸ்ரேலியப் பயணியும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கால்வாயில் தள்ளப்பட்ட ஒடிசா இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கக் கெடுபிடி கூடியிருக்கிறது.

நான்காம் படி: அறையைத் தயார் செய்தல்

பதிவுக்காகப் பார்வையிட வரும் அதிகாரி பங்களாவை எதிர்பார்ப்பதில்லை. காற்றோட்டமான அறை, அதை ஒட்டிய சுத்தமான குளியலறை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வாசலில் விளக்கு இருந்தால் போதும்.

கேஜிஎஃபில் உண்மையான சோதனை தண்ணீர்தான். குழாயில் எந்த நாளில் வரும் என்று உங்களுக்குத் தெரியும், பெங்களூர் விருந்தாளிக்குத் தெரியாது. மேல்தொட்டியைத் தனியாக வையுங்கள், குடிக்கக் கேன் தண்ணீர் வையுங்கள், கோடையில் டேங்கருக்கு ஆகும் செலவை வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள். காற்று அடிக்கும் மாதங்களில் சயனைட் குன்றிலிருந்து வரும் வெளிர்ப் பொடி ஜன்னல் கட்டையில் படியும். கொசுவலைக்கு உள்பக்கம் ஒரு திரையும் போடுங்கள்.

ஐந்தாம் படி: வரியும் உணவும்

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஒரே பான் எண்ணில் உங்களுக்கு மளிகைக் கடையும் இருந்தால் அதன் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு இல்லாத வீட்டை ஆன்லைன் தளம் வழியாக விட்டால் அறைக்கான ஜிஎஸ்டியை அந்தத் தளமே கட்ட வேண்டும். 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். சுற்றுலா அமைச்சகத்தின் ‘நிதி’ தளத்திலும் வீட்டைச் சேர்த்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

காசு வாங்கிச் சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு தேவை. மது விற்கக் கூடாது, அதற்குக் கலால் உரிமம் வேறு.

ஆறாம் படி: லெட்ஜர்

ஒரு நீளமான லெட்ஜர் வாங்குங்கள். பேர், ஊர், கைபேசி எண், வண்டி எண், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கூட வந்த ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பாருங்கள், பதிவு செய்தவரின் அட்டையோடு நிறுத்தாதீர்கள். ஆதார் தந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் பிரதியை வாங்குவது நல்லது. டிரைவிங் லைசென்ஸும் போதும்.

வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்று பழகிப்போன வேலை இது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் பேரன் தாத்தா வேலை செய்த ஷாஃப்ட்டைப் பார்க்க வந்தால், அவரும் பாஸ்போர்ட்படி வெளிநாட்டவர்தான். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை இருந்தாலும் தகவல் கொடுங்கள்.

ஏழாம் படி: எங்கே அழைத்துப் போகக் கூடாது

விருந்தாளி முதலில் கேட்பது சயனைட் குன்றைத்தான். அது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு, நிலம் பிஜிஎம்எல்லுடையது. அதிலிருந்து மறுபடி தங்கம் எடுக்க 13 குவியல்களுக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை சம்மதமும் தந்துவிட்டது. சாலையிலிருந்து காட்டுங்கள், ஏற வைக்காதீர்கள். மழைக்குப் பிறகு சரிவு வழுக்கும், பழைய ஷாஃப்ட் வாய்களின் வேலி பல இடங்களில் துருப்பிடித்துப் போயிருக்கிறது. இருட்டில் வெளியே கூட்டிக்கொண்டு போகும் வேலையே வேண்டாம்.

லைன் வீட்டில் இருப்பவருக்கு

அறையைத்தான் பதிவு செய்ய முடியாது. சாப்பாட்டுக்கு அந்தத் தடை இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் பதிவு செய்த வீட்டுக்காரரோடு பேசி, அவருடைய விருந்தாளிக்கு மதியச் சாப்பாட்டை நீங்கள் சமைத்து அனுப்பலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு உங்கள் பேரில் இருக்கட்டும். நாற்பது வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் அந்த விருந்தாளிகளோடு அரை நாள் ஊரைச் சுற்றிக் காட்டிப் பேசுவதற்கும் கூலி கேளுங்கள். எவ்வளவு என்பதை முன்னாலேயே சொல்லி, அந்தத் தொகையை வீட்டுக்காரரின் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.