சாய்க்கப் போகும் மரத்தில் சீவிய பால்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நிமிட ஆட்டத்தில் அரை நிமிடம்கூட ஆகாமல் எதிராளியின் ராஜாவைச் சாய்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். எதிராளி பிரேசில்காரராம். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய திட்டில் உட்கார்ந்தால்தான் லைன் ஒழுங்காகக் கிடைக்கிறது என்றும், அங்கே கொசுக்கடியோடு ஆடித்தான் இரண்டே மாதத்தில் 900 புள்ளியிலிருந்து 1300-க்கு ஏறினேன் என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரிக்கு வரும்போது மட்டும் கையெழுத்து சின்னதாகிவிட்டது. "ஐயா, இது பொய்யாட்டம் என்று ஒருத்தர் சொல்றாரு. விட்டுடவா?"

இதே கேள்வியை வேறு பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே பதில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

நீ ஆடுவது எங்லண்ட் காம்பிட். இங்கிலாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபிரிட்ஸ் எங்லண்ட் என்ற சுவீடன்காரரின் பெயர் அது. வெள்ளை, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். கறுப்பு, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளி, இந்தா தின்னுக்கோ என்று நீட்டும். வெள்ளை தின்னும். இரு பக்கமும் ஒரு குதிரை வெளியே வரும். பிறகு கறுப்பு ராணி ராஜாவின் முன்னால் போய், சொந்த பிஷப்பின் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கவே அசிங்கமான நகர்த்தல். தின்ற சிப்பாயைக் காக்க வெள்ளை தன் பிஷப்பை எஃப்4-இல் வைக்கும். அந்த நேரம் பார்த்துக் கறுப்பு ராணி பி4-க்குப் பாயும். ராஜாவுக்குச் செக், பிஷப்புக்குக் குறி, பி2 சிப்பாய்க்கும் குறி, எல்லாம் ஒரே நகர்த்தலில். வெள்ளை பிஷப்பை டி2-க்கு இழுத்துச் செக்கை மறைக்கும். ராணி பி2 சிப்பாயைத் தின்றுவிட்டு மூலையில் இருக்கும் யானையை முறைக்கும்.

இது வெள்ளையின் ஆறாவது நகர்த்தல். ராணியை விரட்ட வேண்டும், யானையையும் காக்க வேண்டும். கை தானாகப் போகிற கட்டம் ஒன்று உண்டு. பிஷப்பை சி3-இல் வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்த மாதிரி இருக்கும். கறுப்பு பிஷப் பி4-இல் வந்து உட்கார்ந்த பிறகுதான் வயிறு கலங்கும். வெள்ளை ராணி டி2-க்கு ஓடி வந்து முட்டுக்கொடுக்கும், பிஷப் பிஷப்பை வெட்டும், வெள்ளை ராணி சி3-இல் திருப்பி எடுக்கும், கறுப்பு ராணி சி1-இல் போய் இறங்கும். மேட். எட்டே நகர்த்தல். முதல் தடவை இதைப் பலகையில் வைத்துப் பார்த்தபோது நானே எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அந்த ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதில் குதிரை சி3-க்கு வந்தால்? அடுத்து யானை பி1-க்கு வரும். உன் ராணி ஏ3, ஏ5 என்று ஒதுங்க இடம் தேடி அலையும். சிப்பாய்க் கணக்கு என்னவோ சமமாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளையின் காய்கள் எல்லாம் வேலைக்கு வந்திருக்க, உன் காய்களில் பாதி இன்னும் படுக்கையைவிட்டு எழுந்திருக்காது. நான்கு பக்கம் எழுதியிருந்த உன் கடிதத்தில் அந்தக் குதிரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொய்யாட்டமா என்று கேட்டாய். இல்லை. பக்கத்தில் இன்னொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு கணினி சொல்கிற நகர்த்தலை ஆடினால் அதுதான் பொய்யாட்டம். எல்லார் கண்ணெதிரே பலகையில் ஒரு குழி வெட்டி, எதிராளி விழுகிறாரா என்று பார்ப்பதற்கு விதியில் எந்தத் தடையும் இல்லை. இதற்குப் பெரிய பரம்பரையே உண்டு. அமெரிக்காவில் அலோன்சோ வீலர் ஜெரோம் என்று ஒருவர், 1874-இல், நான்காவது நகர்த்தலிலேயே பிஷப்பைக் கொடுத்து, ஐந்தாவதில் குதிரையையும் கொடுக்கிற ஒரு காம்பிட்டை அச்சில் வெளியிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் தற்கொலை. லண்டனில் யாரோ ஒருவர் அதை பிளாக்பர்ன் என்ற பெரிய ஆட்டக்காரரிடம் ஆடிப் பார்த்தார். பிளாக்பர்ன் பதிலுக்கு இரண்டு யானையையும் ராணியையும் கொடுத்துவிட்டு மேட் வைத்தார். பைத்தியத்துக்குப் பைத்தியமே வைத்தியம். அந்த ஜெரோம் காம்பிட்டை இன்றைக்கும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் படித்தது சிலியாவ் பக்கத்தில், தோட்டப் பள்ளிக்கூடத்தில். லயத்து மரத்தடியில் பெரியவர்கள் ஆடியது சதுரங்கம் இல்லை, டேம். பலகையில் கரிக்கட்டியால் கோடு, காய்க்குப் போத்தல் மூடி. ஒரு பக்கம் மல்லாத்தி, இன்னொரு பக்கம் கவிழ்த்து. சதுரங்கம் எனக்கு ஒரு வாத்தியார் கொடுத்த அட்டைப் பெட்டியில் வந்தது. ஆறாம் ஆண்டில் என்னைப் பட்டணத்துக்கு ஒரு போட்டிக்கு அழைத்துப்போனார்கள். எதிரே ஒரு மலாய்ப் பையன், நல்லவன். என் பிஷப் வெட்டுப்படப் போவதைப் பார்த்து, "காஜா, காஜா" என்று மெல்லச் சொன்னான். காஜா என்றால் யானை. நான் யானையைத் தொட்டேன். மலாய்ச் சதுரங்கத்தில் காஜா என்பது நம் பிஷப், நம் யானைக்கு அங்கே பெயர் தீர் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னது? எங்கள் வாத்தியார் பிஷப்பை மந்திரி என்பார். அவர்களுக்கு மெந்திரி என்றால் ராணி. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது விதி. யானை நகர்ந்தது, பிஷப் போனது. அவன் முகம் என் முகத்தைவிட வாடிவிட்டது. இடைவேளையில் அவனே ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான்.

உன் கைப்பேசியில் எதிராளிக்கு முகம் கிடையாது. உன் காம்பிட்டின் பாதி பலமே அதுதான். எங்கள் தோட்டத்தில் நீ இதை ஆடினால் ஒரு தடவை ஜெயிப்பாய், மிஞ்சினால் இரண்டு தடவை. மூன்றாம் நாள் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், சின்னப் பிள்ளைகூடக் குதிரையை சி3-இல் வைப்பான். இணையத்தில் அந்தத் தொல்லை இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது எத்தனையோ பிள்ளைகள் கைப்பேசியில் சதுரங்கம் பிடித்தார்கள். உலகம் முழுக்க அதே கதைதான். விழுந்தவன் எழுந்து போய்விடுவான், நாளைக்கு வேறொருவன் வருவான். அவனும் மூன்று நிமிடக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, கை போன கட்டத்தில் பிஷப்பை வைப்பான்.

என் அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர். விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கோடு போவார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி மரக்கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் காயம், ஆறும்போது முண்டு கட்டிக்கொள்ளும், பிறகு அந்த இடத்தில் சீவவே முடியாது. காயம் போட்டதைத் தண்டல் பார்த்தால் வசவு. ஒழுங்காகச் சீவிய மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுக்கும். ஆனால் மறுநடவுக்காகச் சாய்க்கப் போகிற மரங்கள் என்று ஒரு நிரைக்குக் குறி போட்டுவிட்டால் சட்டமே மாறிவிடும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஏணி வைத்து இன்னும் மேலே ஒன்று. பால் சுரக்க மருந்து. காயத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நாளைக்குத்தான் மரமே இல்லையே. அந்த மாதங்களில் பால் பிடிக்கிற மங்கு நிரம்பி வழியும், எங்கள் வீட்டிலும் கோழிக்கறி கூடும். அப்பாவுக்கு மட்டும் பிடிக்காது. "இது மரம் சீவுறது இல்லடா, உரிக்கிறது" என்பார். அந்த மரங்கள் போன இடத்தில் செம்பனை வந்தது. இன்றைக்கு நீ பார்ப்பதெல்லாம் அதுதான்.

உன் 1300 புள்ளியைப் படித்ததும் எனக்கு அந்த மங்குதான் நினைவுக்கு வந்தது. இணையத்தில் வருகிற ஒவ்வோர் ஆளும் உனக்குச் சாய்க்கப் போகிற மரம். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த ஐம்பது, அறுபது வெற்றிகளில் உன் ஆட்டம் எட்டு நகர்த்தலுக்கு மேல் எத்தனை முறை போனது? யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுகிற முடிவாட்டத்தை எத்தனை முறை ஆடியிருப்பாய்? 1300-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏன் ஏறும்? அங்கே குதிரையை வைக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்டாஃபர்ட் காம்பிட்டையும் பழகத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். எரிக் ரோசன் என்ற அமெரிக்கரின் காணொளிகளால் உலகம் முழுக்கப் பரவியது அது. ராணியையே கொடுத்துவிட்டு எட்டாவது நகர்த்தலில் மேட் வைக்கிற அந்தப் பொறி அழகுதான், மறுக்கவில்லை. அது பெட்ராஃப் தற்காப்பிலிருந்து மூன்றாவது நகர்த்தலில் பிரிகிற கிளை. அதே பெட்ராஃபின் தாய்மரத்தில் நடந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். கறுப்பில் நம் மயிலாடுதுறை ஆனந்த். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே ஆண்டில்தான். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை எஃப்5-இல் வைத்தார். சபாட்டா ராணியை இ2-க்குக் கொண்டுவந்தார். ராஜாவுக்கு நேரே நிற்கும் குதிரை மாட்டிக்கொண்டது, காப்பாற்ற வழியில்லை. ஆறே நகர்த்தலில் ஆனந்த் கை கொடுத்துவிட்டார்.

ஆனந்த் பொறி ஏதும் வைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியான்சனும் ஆடிச் சமனில் முடித்த ஓர் ஆட்டத்தில் அதே பிஷப் நகர்த்தல் இருந்தது. மைல்ஸ் ராணியை இ2-க்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். பெரியவர்கள் ஆடியிருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினால் ஆனந்துக்கே இதுதான் கதி. காணொளியில் எதிராளி எப்போதும் பிஷப்பைத்தான் சி3-இல் வைப்பார், தம்பி.

ஆனந்த் சிறுவனாக மின்னல் ஆட்டம் பழகியது சென்னையில், சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கிளப்புக்குப் பெயர் தந்த மிகைல் டாலைப் பார். காய்களை வாரிக் கொடுத்து ஆடியே 1960-இல் பொட்வின்னிக்கைச் சாய்த்து உலக வெற்றியாளர் ஆனவர். அவர் கொடுத்த காய்களில் பல, சாவகாசமாக உட்கார்ந்து ஆராய்ந்தால் நிற்காது. கடிகாரம் ஓடும்போது எதிரே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மறு ஆண்டு மறுபோட்டியில் பொட்வின்னிக் தயாராகி வந்தார், பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இருந்தாலும் டாலைப் பற்றிப் பேசாத சதுரங்கக்காரர் இல்லை. அதனால்தான் உன்னிடம் ஒரேயடியாக விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாலுக்குத் தன் காய் எதற்காகப் போகிறது என்று தெரியும், பிடிக்கவில்லையென்றால் வேறு மாதிரியும் ஆடத் தெரியும்.

2024 டிசம்பர் 12. பக்கத்துச் சிங்கப்பூரில், உலக வெற்றியாளர் போட்டியில் குகேஷ் ஆடிய பதினான்காவது ஆட்டத்தை நீயும் பார்த்திருப்பாய். ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல், சமனில் முடிய வேண்டிய நிலை. பையன் விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தான். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார், முடிந்தது. உன்னைப்போலவே குகேஷும் எதிராளி தவறுகிற நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். டிங் தவறியிருக்காவிட்டால் குகேஷுக்குச் சமன். உன் எதிராளி தவறாவிட்டால் உனக்கு என்ன மிச்சம் என்று அந்தத் திட்டில் உட்கார்ந்து ஒரு நாள் யோசித்துப் பார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவில் மூன்று நிமிட ஆட்டத்தில் எங்லண்டோ ஸ்டாஃபர்டோ ஆடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் திருட்டுத்தனமாக ஆடுகிறவன்தான். ஜெயித்த ஆட்டத்தை மூடிவிட்டு அடுத்ததற்குத் தாவாதே. பலகையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து, எந்த நகர்த்தலில் நீ பிழைத்திருக்கலாம் என்று தேடு. வாரத்துக்கு நான்கு ஆட்டமாவது பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் வைத்து, டி4-க்கு டி5 என்று பதில் சொல்லி, நாற்பது நகர்த்தல் வரை இழு. தோற்பாய். புள்ளி நூறு இறங்கினாலும் இறங்கும். சிரம்பானில் மாவட்டப் போட்டிக்குப் போகிறேன் என்றாயே, அங்கே மட்டும் எங்லண்டை எடுக்காதே. நிறைய நேரம் உள்ள ஆட்டத்தில் எதிரே இருக்கிற பிள்ளை தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பத்து நிமிடம் யோசிக்கும். பத்து நிமிடம் யோசிக்கிற யாரும் அந்தக் குதிரையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் உனக்குத் தெரியும். இந்த வாரம் வா. பலகை என்னிடம் இருக்கிறது. ஒரு கறுப்பு யானை தொலைந்துபோய் அதற்குப் பதில் போத்தல் மூடி வைத்திருக்கிறோம், பொறுத்துக்கொள். நீ கறுப்பு, நான் வெள்ளை. கடிகாரம் இல்லை. ராணிச் சிப்பாயைத் தள்ளித்தான் தொடங்குவேன், ஆறாவதில் எதை எங்கே வைப்பேன் என்பதையும் மேலேயே சொல்லிவிட்டேன். யானை பி1-க்கு வந்த பிறகு உன் ராணியை என்ன செய்யப் போகிறாய் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ஐயா