நாய்களின் அச்சமும் அதனை நீக்கும் முறைகளும்

வீட்டில் மிக்சி சுழலத் தொடங்கியவுடன் கட்டிலின் அடியிற் சென்று பதுங்கும் நாயைப் பலரும் கண்டிருப்பர். துடைப்பத்தைக் கையில் எடுத்த அளவிலேயே குரைக்கும் நாயும், குக்கரின் சீழ்க்கை ஒலி கேட்டு நடுங்கும் நாயும் உண்டு. வீட்டார் இவற்றை வேடிக்கையாகக் கருதுகின்றனர். அல்லது பிடிவாதம் என்று எண்ணித் தண்டிக்கின்றனர். இவ்விரண்டும் பிழை. அச்சமுற்ற நாய் ஓடித் தப்ப முயலும்; தப்ப வழியில்லையெனில் கடிக்கும். வெறிநாய்க்கடி நோய் இன்னும் உயிர்களைப் பறித்துவரும் நம் நாட்டில் ஒவ்வொரு கடியும் கவலைக்குரியது. ஆகவே, நாயின் அச்சத்தை அறிந்து போக்குதல் விலங்கின் நலத்திற்கேயன்றி வீட்டிலுள்ள குழந்தைகளின் பாதுகாப்பிற்கும் இன்றியமையாதது.

அச்சம் தோன்றும் வகை

மனிதனின் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை உணர வல்லது. எனவே, ஒரு மின்பொறி எழுப்பும் ஓசையில் நமக்குக் கேளாத பகுதியும் நாய்க்குக் கேட்கக்கூடும்.

குட்டிப் பருவத்து அனுபவம் மற்றொரு காரணம். அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி தன் சூழலோடு இணக்கம் கொள்ளும் சிறப்பான பருவம் என்று காட்டினர். இப்பருவத்தில் வீட்டு ஓசைகளை மெல்லிய அளவிற் கேட்டு, இனிய அனுபவத்தோடு வளரும் குட்டி பின்னாளில் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. தனிமையில் வளர்ந்த குட்டிக்குப் புதியன யாவும் அச்சம் தருவனவாகலாம்.

தீய அனுபவம் மூன்றாவது காரணம். துடைப்பத்தால் அடிபட்ட நாய், அதனைப் பெருக்கும் கருவியாகக் காண்பதில்லை. வலியின் முன்னறிவிப்பாகவே காண்கிறது. இவையன்றிப் பரம்பரை இயல்பும் அச்சத்திற்குக் காரணமாகலாம்.

அறிகுறிகள்

வால் கால்களுக்கிடையே ஒடுங்குதல், காதுகள் பின்னோக்கிப் படிதல், உடல் நடுங்குதல் ஆகியவை எளிதிற் புலப்படும். உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், உணவின்றி உதட்டை நக்குதல், முன்காலைத் தூக்கி நிற்றல், வெப்பமின்றி இளைத்தல், கண்ணின் வெண்பகுதி தெரியுமாறு கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியன நுட்பமான அறிகுறிகள். இவற்றைக் கவனியாது நெருங்கினால் உறுமலும் கடியும் தொடரும். உறுமும் நாயைத் தண்டித்தல் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதனை அடக்கினால் நாய் எச்சரியாமலே கடிக்கப் பழகும்.

விரும்பிய உணவை உண்ண மறுத்தலும் சிறந்த அளவுகோலாகும். பசியுள்ள நாய் தனக்கு இனிய உணவையும் தொடாது நிற்குமாயின், அச்சம் எல்லை மீறியது என்று கொள்ளலாம்.

முறையின் அடிப்படை

ருஷ்ய அறிஞர் பாவ்லவ், செரிமானம் பற்றிய ஆய்விற்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஓசையைப் பலமுறை எழுப்பி வந்தால், அவ்வோசை கேட்ட அளவிலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பதை அவர் நிறுவினார். 1924இல் அமெரிக்க உளநூலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனை அச்சத்தினின்று விடுவித்ததைப் பற்றி எழுதினார். சிறுவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்ததே அவர் கையாண்ட வழிகளுள் முதன்மையானது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வொல்ப் 1958இல் வெளியிட்ட நூலில் இத்தகைய படிமுறைச் சிகிச்சையை விரிவாக வகுத்தார்.

இவற்றினின்று இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. அஞ்சும் பொருளை அச்சம் எழாத அளவிற்குக் குறைத்துக் காட்டுதல் வேண்டும். அதனைத் தொடர்ந்து உடனே இனிய உணவு வருதல் வேண்டும்.

மிக்சியின் ஓசை

வேகவைத்த கோழி இறைச்சி, முட்டை, பனீர் முதலியவற்றுள் நாய் மிகவும் விரும்புவதைச் சிறு துண்டுகளாக்கி வைத்துக் கொள்க. பயிற்சியின்போது மட்டுமே அதனைத் தருக. ஒருவர் தொலைவிலுள்ள அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சிறிது நீர் ஊற்றிய மிக்சியை இரண்டு விநாடி இயக்க வேண்டும். மற்றவர் நாயின் அருகிலிருந்து, ஓசை எழுந்த பின்னர் உணவைத் தர வேண்டும். ஓசை நின்றதும் உணவும் நிற்கும்.

இவ்வரிசை முக்கியமானது. உணவு முன்னும் ஓசை பின்னுமாக வந்தால், உணவே அச்சத்தின் அறிகுறியாகிவிடும். ஒரு வேளைக்கு ஐந்து முறை போதும். பயிற்சி ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கலாகாது.

ஓசை கேட்டதும் நாய் உணவை எதிர்பார்த்து மனிதரின் முகத்தை நோக்குமாயின், அப்படி நிறைவேறியது என அறிக. அதன் பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். தொலைவு, நேரம், ஓசையின் அளவு ஆகிய மூன்றனுள் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. நாய் உணவை மறுத்தால் இரண்டு படிகள் பின்செல்க. பயிற்சி முடியும் வரை, அன்றாட அரைவையின்போது நாயை வெளியே உலவ அழைத்துச் செல்லுதல் நன்று.

கைப்பேசியிற் பதிவு செய்த ஓசையையும் தொடக்கத்திற் பயன்படுத்தலாம். ஆயின் அதன் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலியையும் தரையின் அதிர்வையும் தருவதில்லை. ஆகவே, பதிவுக்குப் பழகிய நாய் உண்மைப் பொறிக்கும் பழகிவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது.

துடைப்பம்

துடைப்பத்தின் தோற்றம், அசைவு, ஓசை, அதனைப் பிடித்த மனிதர் என அச்சத்தின் கூறுகள் நான்கு. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பழக்குக. முதலில் துடைப்பத்தைத் தரையிற் கிடத்தி, நாய் தானே அணுகும்வரை காத்திருக்க. அது ஓரடி முன்வந்தால், உணவை அதன் பின்புறமாக எறிக. விலகிச் செல்லும் உரிமை தனக்குண்டு என்பதை உணர்ந்த நாய் துணிந்து மீண்டும் வரும். உணவைத் துடைப்பத்தின் மேல் வைத்து ஈர்த்தல் தவறு. நாய் ஆசையால் நெருங்கி, உண்டவுடன் திடுக்கிட்டு ஓடும். அச்சம் முன்னிலும் மிகும். கிடந்த துடைப்பத்திற்குப் பழகிய பின், அதனைத் தூக்குதல், மெல்ல அசைத்தல், பெருக்குதல் என்று முறையே செல்க.

அஞ்சும் பொருளின் அருகே நாயைக் கட்டி வைத்து, பழகட்டும் என விடுதலும் தீங்கானது. அசையாது கிடக்கும் நாய் பழகிவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். அது செயலற்றுக் கிடப்பதாகவும் இருக்கலாம். அஞ்சிய நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்ற கருத்தும் சரியன்று. அது தானே அருகில் வந்தால் அமைதியாக ஆறுதல் அளிக்கலாம்.

வெடியோசை

4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளை 1999இல் வெளியிடப்பட்ட மத்திய அரசின் விதி தடை செய்கிறது. அவ்வெல்லைக்குட்பட்ட ஓசையும் நாய்க்கு மிகுதியே. தீபாவளியன்று பயிற்சி தொடங்குவதாற் பயனில்லை. பல வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். அன்றைய தினம் மாலைக்கு முன்னரே நாயை உலவச் செய்து, உள்ளறையிற் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியோ வானொலியோ ஒலிக்கச் செய்க. கழுத்துப் பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண் பொறித்திருத்தல் நன்று. அச்சத்தால் ஓடிய நாயைக் கண்டுபிடிக்க அது உதவும்.

மருத்துவ உதவி

முன்பு அஞ்சாத நாய், நடுவயதிலோ முதுமையிலோ திடீரென ஓசைக்கு அஞ்சுமாயின், மூட்டுவலி முதலிய நோய் உளதா எனக் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஆராய்க. கடும் அச்சத்திற்கு மருந்துகளும் உண்டு. ஆயினும் அவற்றை மருத்துவரே தேர்தல் வேண்டும். சில மருந்துகள் உடலின் அசைவை மட்டும் ஒடுக்கி, உள்ளத்தின் அச்சத்தை அவ்வாறே விட்டுவிடும்.

நாய் கடித்துவிட்டால், புண்ணை ஓடும் நீரிற் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடித்தது வளர்ப்பு நாய் என்பதால் காலந்தாழ்த்தலாகாது.

வகுப்பறையிலும் களத்திலும்

மாணவர் ஒரு நாயைப் போதிய தொலைவில் நின்று பத்து நிமிடம் கண்டு, அதன் வால், காது, கண், உடல்நிலை ஆகியவற்றைக் குறித்து வருமாறு ஆசிரியர் பணிக்கலாம். பின்வரும் வினாக்கள் உரையாடலுக்குப் பயன்படும்.

1. உறுமும் நாயை ஏன் அடித்தல் கூடாது?
2. பயிற்சியில் ஓசைக்குப் பின்னரே உணவு வரவேண்டுவது ஏன்?
3. உண்ண மறுக்கும் நாய் நமக்கு அறிவிப்பது யாது?

வீடுகளுக்குச் செல்லும் களப் பணியாளர், கட்டிலின் அடியிற் பதுங்கிய நாயை எவரும் கையால் இழுத்து வெளிக்கொணராதபடி முதலில் அறிவுறுத்துவாராக. குழந்தைகள் கடிபடுதற்கு ஏதுவாகும் இச்செயலைத் தடுப்பது இப்பணியின் முதற்படியாகும்.