கப்பலேறும் தவில்காரத் தம்பிக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ தவில் படிக்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறாய் என்று உன் அம்மா சொன்னா. விசா கிடைத்துவிட்டது, காங்கேசன்துறையில் கப்பலேறப் போகிறாய் என்றும் சொன்னா. கேட்டதும் மனம் நிறைந்தது. உன்னைப் போலப் பாட்டும் பரதமும் மேளமும் படிக்கவென்று இங்கிருந்து இன்னும் பல பிள்ளைகள் அக்கரைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான் தவில் தொட்டவன் அல்லன். திருவிழாக் காலங்களில் கோயில் வீதி மணலில் விடியும்வரை இருந்து மேளச்சமா கேட்டு வளர்ந்தவன். இளவயதில் சிதம்பரத்தில் தமிழ் படித்தவன். கைப்பாடம் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதை உன் குரு பார்த்துக்கொள்வார். பாடம் முடிந்த பிறகும் ஒரு நாளில் எவ்வளவோ நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் எப்படிப் படிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். பிறநாடு போய்ப் படிக்கிறவர்களில் அநேகர் தவறவிடுவது அதைத்தான்.

நீ போகும் பாதை புதியதன்று. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பிலும் சென்னையிலும் ரயிலேறியவர்களை அது கரைசேர்த்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பலும் யுத்தத்தோடு நின்றுபோனது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. நாகபட்டினத்தில் இறங்கினால் திருவாரூர் கிட்ட. அங்கிருந்து கும்பகோணம்வரை நீ கடக்கும் ஊர்களின் பெயர்கள் பல, உனக்கு முன்பே தெரிந்த வித்துவான்களின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர்கள். திருவாவடுதுறை, திருவீழிமிழலை, நாச்சியார்கோவில் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

நாச்சியார்கோவில் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைவு வரும். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தகப்பனார் விசுவலிங்கத்திடம் கற்றவர். பிறகு கடல் கடந்து நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடம் பயின்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது குருவின் வாசிப்பின் பிரதி அன்று. யாழ்ப்பாணத்து வீதிகளில் இரவிரவாகக் கேட்ட காதும் அங்கே பெற்ற கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து அவருடைய சொந்த வாசிப்பாயின. தமிழ்நாட்டின் முன்னணி வித்துவான்கள் அவரைப் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது. போக முன்னர் அதை ஒருமுறை பார்.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். கரம்பனில் 1913 இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் உரோமில் குருத்துவம் படித்தார். பின்னர் வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி செய்துகொண்டே தமிழை முறையாகக் கற்றார். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். போன நாடெல்லாம் தமிழின் தடயத்தைத் தேடினார். 1679 இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966 இல் மறுபதிப்பாக வெளியிட்டார். திறனாய்வாளர் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் கிரேக்க வீரயுகப் பாடல்களை அறிந்துகொண்டு, அந்த அறிவைக் கொண்டு சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். வேறு துறைக்காரர்கள் என்று இவர்களை ஒதுக்காதே. பிறநாட்டில் எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இவர்கள். போன இடத்தைக் கண்திறந்து பார்த்தார்கள். பார்த்ததைச் சொந்த வேலைக்குத் திருப்பினார்கள்.

இனி உன் முதல் வாரங்களுக்கு வருவோம். விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் போய்ச் சேர்ந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவைச் செய்ய வேண்டும். அதை ஒருநாளும் பிந்தவிடாதே. கடவுச்சீட்டின் பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும். நீ வாய் திறந்ததும் கேரளாவா என்று கேட்பார்கள். சிலோன் என்றதும் கண்கலங்கி ஒரு கோப்பைத் தேநீருக்குக் காசு வாங்க மறுக்கிற கடைக்காரர் இருப்பார். அதே தெருவில், சிலோன் என்றதும் அறை வாடகைக்கு இல்லை என்கிறவரும் இருப்பார். இருவரையும் நீ சந்திப்பாய். முதலாமவரை வைத்து அந்த நாட்டைத் தலையில் தூக்காதே; இரண்டாமவரை வைத்து வெறுக்காதே. யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தெரிந்ததை, உன் வீட்டில் நடந்ததை மட்டும் சொல். கேட்பவர் விரும்பும் கதையைச் சொல்லாதே. உன் பேச்சையும் மாற்றாதே. மூன்று மாதத்தில் சென்னைத் தமிழ் கதைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அங்குள்ளவர்களும் அதை மெச்சுவதில்லை.

சாப்பாட்டில் சிரமம் வரும். காலையில் புட்டும் சம்பலும் தேடும். கிடைப்பது இட்டலியும் சாம்பாரும். சோறு வெள்ளைப் பச்சரிசியாகவோ புழுங்கலாகவோ இருக்கும், எங்கள் சிவப்பரிசி இராது. ஒரு மாதம் பொறு, நாக்குப் பழகும். குரு வீட்டில் என்ன தந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடு. அந்த வீட்டு அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கு நீ செய்யும் சின்னச் சின்ன உதவி, பாடத்தோடு சேர்ந்த படிப்பு.

இப்போது முக்கியமான விஷயம். மேளம் அந்த ஊரின் நாளோடும் வருடத்தோடும் எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார். கோயிலில் சுவாமி புறப்படும்போது எந்த மல்லாரி, தேருக்கு எது, தளிகைக்கு எது, சுவாமி எந்த வீதியில் திரும்பும்போது எந்த இராகம் தொடங்குகிறது என்று நின்று கேள். வகுப்பில் இதைத் தாளில் எழுதித் தருவார்கள். வீதியில் கேட்டால்தான் சுவாமி நடக்கும் வேகத்துக்கும் காலப்பிரமாணத்துக்கும் உள்ள உறவு விளங்கும். ஒரு திருவிழாவின் எல்லா நாளும் கூடப் போ. ஒரே மல்லாரி முதல் நாள் எப்படி ஒலித்தது, பத்தாம் நாள் களைத்த கையில் எப்படி ஒலித்தது என்று உன் காது அறிய வேண்டும்.

பஞ்சாங்கத்தையும் படி. மார்கழியில் அங்கே கலியாணம் இல்லை. சென்னைச் சபாக்களில் கச்சேரி மழை. மார்கழிக் கடைசியிலோ தையிலோ திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை. தையிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வரும்; உன் குருவுக்கு நித்திரை இராது. ஆடியில் கலியாணக் கச்சேரி ஓயும். இங்கே ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும். 25 நாள் திருவிழா. அங்கே ஓய்வு வரும்போது இங்கே வேலை தொடங்குகிறது. உன் விடுமுறையை அதற்கேற்ப வைத்துக்கொண்டால், படித்ததைச் சுடச்சுட ஊர்க் காதுகளுக்கு முன்னால் வைத்துப் பார்க்கலாம். எங்கள் இரசிகர்கள் கடுமையானவர்கள். பிழையென்றால் முகத்திலேயே தெரியும்.

வாத்தியம் செய்கிறவர்களிடமும் போ. கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். 2022 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளைக்காகப் பாரி நாதஸ்வரத்தைச் செம்மையாக்கிக் கொடுத்த ரங்கநாத ஆசாரி அந்த ஊர்க்காரர்தான். உன் தவிலின் பலாமரக் கூடு, வலந்தலைத் தோல், தொப்பித் தோல், விரலில் போடும் கூடுகள் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்கிறார்கள் என்று கையால் தொட்டுப் பார்த்துப் படி. தோல் கிழிந்தால் கடல் கடந்து ஆளனுப்ப வேண்டிய நிலை எங்களுக்கு இருக்கக்கூடாது. நீ மூட்டிப் பழகிக்கொண்டு வந்தால் இங்கே நாலு பேருக்குப் பிழைப்பும் ஆகும்.

இனி மனம் கசக்கும் ஒன்று. கலைஞரை எங்கே இருத்துகிறார்கள், எப்போது சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று கவனி. முதல் பந்தியா, கடைசிப் பந்தியா? மண்டபத்துக்குள்ளா, வாசலிலா? காப்புக் கட்டி மாலை போடுகிற கை, வீட்டுக்குள் கூப்பிடுகிறதா? காவிரிக்கரையில் மேளம் வாசிக்கும் குடும்பங்கள் சாதியின் பேரால் நெடுங்காலம் தாழ்த்தி நடத்தப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் அதுதான் நடந்தது. இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. அங்கே பார்க்கும் கண்ணால் இங்கேயும் பார்க்கப் பழகு. நாளைக்கு நீ பெயர் எடுத்த பிறகு, உன்னோடு தாளம் போடுகிற பிள்ளைக்கும் ஒத்து ஊதுகிறவருக்கும் உன் பக்கத்தில் இலை போடச் சொல். அவர்களுக்கு இலை விழாத பந்தியில் நீயும் இருக்காதே.

ஊற்று அங்கே, கிளை இங்கே என்ற எண்ணத்தோடு போகாதே. பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மின்சார முரசும் மணியும் அடிப்பதை அங்கே காண்பாய். கலியாண ஊர்வலங்களில் செண்டையும் பாண்டு வாத்தியமும் முன்னால் போகும். இங்கேயோ திருவிழாவில் பல மேளம் பிடித்து, சனம் மணலில் இருந்து தனியாவர்த்தனத்துக்குத் தலையசைக்கும் வழக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த வழக்கத்தை வளர்த்தவர்களில் அக்கரையிலிருந்து திருவிழாவுக்கு வந்து வாசித்தவர்களும், வந்து இங்கேயே குடியிருந்த குடும்பங்களும் உண்டு. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கிய பின் மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் இங்கே வந்து அதிபராக இருந்து கற்பித்தார்கள். கலை இரண்டு கரைக்கும் போய்வந்தே வளர்ந்திருக்கிறது. ஆகவே அங்கே பணிந்து படி, ஆனால் கூசாதே. எங்கள் சமா அப்படி, எங்கள் தவில் இப்படி என்று பெருமை பேசவும் வேண்டாம். கேட்டால் வாசித்துக் காட்டு.

ஒரு கடமையையும் உனக்குச் சொல்லி அனுப்புகிறேன். 1983 இலிருந்து எங்கள் சனங்கள் அக்கரைக்குப் போய் முகாம்களில் இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் உண்டு. 2021 இல் அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அவற்றில் இருக்கிறார்கள். நீ ஒரு விசாவில் போய் இன்னொரு கப்பலில் திரும்பலாம். அவர்களுக்கு அது அவ்வளவு இலகுவில்லை. முறைப்படி அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தவிலைத் தூக்கிக்கொண்டு போ. ஊரில் திருவிழா எப்படி நடக்கிறது என்று சொல்லு, வாசித்துக் காட்டு. அதில் ஒரு பிள்ளை தாளம் போடப் படித்தாலே போதும்.

ஒரு கொப்பி வைத்துக்கொள். இரவு படுக்க முன்னர் அன்றைக்குக் கண்டதை எழுது: கேட்ட கோர்வை, கூலி எவ்வளவு பேசினார்கள், சாவு வீட்டில் யார் வாசித்தார்கள், தேநீர்க் கடையில் இராஜரத்தினத்தின் தோடி பற்றி ஒரு முதியவர் சொன்ன கதை, குரு கோபித்த காரணம். உன் வாசிப்பை ஒலிப்பதிவு செய்ய ஆயிரம் வழி உண்டு. உன் பார்வையைப் பதிவு செய்ய எழுத்துத்தான் வழி. எங்கள் வித்துவான்கள் எத்தனையோ பேர் அக்கரைக்குப் போய்வந்தார்கள். அவர்கள் அங்கே எப்படி இருந்தார்கள், என்ன உண்டார்கள், யாரிடம் என்ன கற்றார்கள் என்று அவர்களே எழுதி வைத்தது மிகக் குறைவு. அந்தக் குறையை உன் தலைமுறையாவது தீர்க்க வேண்டும்.

படித்து முடித்ததும் லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று கோயில்கள் கூப்பிடும். போ, உழை, வீட்டைக் கட்டு, தங்கையைப் படிப்பி. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்கு முன் ஊருக்கு வந்து, வசதியில்லாத இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து, காசு வாங்காமல் முதல் பாடத்தை நீயே சொல்லிக் கொடு. என்ன சாதி, எந்த ஊர் என்று கேளாதே. கை இருக்கிறதா, காது இருக்கிறதா என்று மட்டும் பார். கடல் கடந்து நீ பெற்ற படிப்புக்கு இந்த மண்ணுக்கு நீ கொடுக்க வேண்டிய கூலி அதுதான். அதைக் கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ, தம்பி.

அன்புடன்,
உன் ஊர் இரசிகன்