ஒரே கலவை, வேற வேற வேகம்: பிளாட்டினம்-நிக்கல் வினையூக்கி

இரண்டு உலோகம் சேர்ந்த வினையூக்கி என்றதும் நாம முதல்ல கேட்பது விகிதத்தைத்தான்: பிளாட்டினம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு? ஆனா வினை நடப்பது மேற்பரப்பில். அங்கே எந்த அணு எந்த அடுக்கில் இருக்கு என்பதையும் கேட்டாகணும்.

ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லை எடுத்துக்குவோம். அதன் கேத்தோடில் ஆக்சிஜன், புரோட்டானோடும் எலெக்ட்ரானோடும் சேர்ந்து தண்ணீராகணும். செல்லில் மெதுவா நடக்கும் வினை இதுதான். அதனால விலை உயர்ந்த பிளாட்டினமும் இங்கேதான் அதிகம் தேவைப்படுது.

தனிப் பிளாட்டினத்தில் என்ன சிக்கல்? ஹைட்ராக்சிலைக் கொஞ்சம் இறுக்கமாவே பிடிச்சுக்குது. அது விலகினால்தான் அடுத்த ஆக்சிஜனுக்கு இடம். அதுக்காக ரொம்பத் தளர்வாப் பிடிச்சாலும் ஆக்சிஜன் பிணைப்பு உடையாது. பிடி அளவா இருக்கணும் என்பதுதான் சபாட்டியர் கொள்கை.

2007-இல் ஸ்டாமென்கோவிச், மார்க்கோவிச் குழு மூன்று பிளாட்டினம் அணுவுக்கு ஒரு நிக்கல் என்ற கலவையின் ஒற்றைப் படிகங்களைச் சோதிச்சாங்க. சூடுபடுத்தினதும் பிளாட்டினம் மேலே ஏறி வந்து, முதல் அடுக்கு முழுக்கப் பிளாட்டினமாச்சு. (111) முகத்தில், அதுக்குக் கீழே இருந்த இரண்டாம் அடுக்கில் ஏறக்குறைய பாதி நிக்கல். இந்த முகம் தனிப் பிளாட்டினத்தின் (111) முகத்தைவிட 10 மடங்கு வேகம் காட்டுச்சு. அதே கலவையின் (100) முகமோ ரொம்பப் பின்தங்கிடுச்சு!

மேலே நிக்கலே இல்லையே, அப்புறம் எப்படி? இரண்டு காரணம். ஒன்று, அடியிலுள்ள நிக்கல், மேலுள்ள பிளாட்டினத்தின் டி-பட்டையின் மையத்தைக் கீழே இறக்குது. ஹைட்ராக்சில் பிடி தளருது. இரண்டு, நிக்கல் அணு சின்னது. அதனால பிளாட்டினம் அணுக்கள் நெருக்கப்படுது. இதுவும் பிடியைத் தளர்த்துது.

அதனாலதான் எட்டுப் பக்கமும் (111) முகமா அமையும் எண்முக நானோ துகள்களைச் செய்யப் பார்க்கிறாங்க. ஆனா செல்லுக்குள்ளே இருப்பது அமிலச் சூழல். நிக்கல் கரைஞ்சு வெளியேறினா, இந்த அமைப்பும் வேகமும் சேர்ந்தே குறையும்.

அடுத்த முறை ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது, விகிதத்தோட நிறுத்திடாதீங்க. மேல் அடுக்கில் என்ன, எந்த முகம், பல சுழற்சிக்குப் பிறகும் அது அப்படியே இருக்கா என்று தேடிப் பாருங்க.