மோட்டாரைப் பூட்டுமுன்: மாம்புரிப் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

மாம்புரியில் வளரும் பிள்ளைக்குச் சுழலும் இயந்திரம் புதிதல்ல. 2010இல் நம் கரையோரத்தில் ஓடத் தொடங்கிய முதற் பிரிவுக் காற்றாலைகள் எட்டு. ஒவ்வொன்றின் வலுவும் 1.25 மெகாவாட். பிறகு அவற்றிலும் பெரியவை வந்தன. பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் நிற்கிறது. இவற்றைப் பார்த்துப் பார்த்து, லெகோக் கட்டைகளாலோ அதே அளவில் சீனாவிலிருந்து வரும் மலிவான கட்டைகளாலோ ஒரு காற்றாலை செய்து மோட்டாரால் சுழற்ற வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆசையை விளையாட்டென்று தள்ளிவிடாதீர்கள். 2013இல் உயர்தரத்துக்கு வந்த தொழினுட்பத் துறையில் நீங்கள் படிக்கப்போகும் பற்சில்லும் உராய்வும் முறுக்கமும் இந்தக் கட்டைகளுக்குள்ளேயே இருக்கின்றன.

1. மோட்டாரைக் கடைசியில் பூட்டுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலும் போதும். சட்டம், அச்சு, பற்சில்லு எல்லாவற்றையும் கோத்த பிறகு, மோட்டார் வரவேண்டிய அச்சைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துச் சுழற்றுங்கள். இலேசாகச் சுழல வேண்டும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஏதோ ஓர் அச்சு கோணலாக இருக்கிறது. சுற்று முழுவதும் இறுக்கமாக இருந்தால் எங்கோ உராய்வு. விரலுக்குப் பாரமாக இருப்பது மோட்டாருக்கும் பாரம்தான். ஒவ்வொரு பற்சில்லைச் சேர்த்ததும் இப்படிப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

மாதிரி ஓடாவிட்டால் பெரிய மோட்டார் வேண்டுமென்று அடம்பிடிக்கிறோம். பெரும்பாலும் இருக்கிற மோட்டாரே போதுமானது. அதன் வலுவை நம் கட்டுமானம்தான் தின்றுவிடுகிறது.

2. எட்டு மில்லிமீற்றர்.

துளைச் சட்டத்தில் ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர். இந்தப் பற்சில்லுகளைச் செய்தவர்கள் நமக்கு ஓர் அருமையான வசதி செய்து வைத்திருக்கிறார்கள். சேரவேண்டிய இரண்டு பற்சில்லுகளின் பற்களைக் கூட்டி இரண்டால் வகுங்கள். வரும் விடை, அவற்றின் அச்சுகளுக்கு இடையே இருக்கவேண்டிய தூரம், மில்லிமீற்றரில். 8 பல்லும் 24 பல்லும் சேர்ந்தால் 16, அதாவது இரண்டு துளை. 16உம் 16உம் சேர்ந்தாலும் அதே இரண்டு துளை. 8உம் 40உம் மூன்று துளை. 24உம் 40உம் நான்கு துளை. 16ஐயும் 24ஐயும் சேர்க்கப் போனால் 20 மில்லிமீற்றர், இரண்டரைத் துளை. நேர்ச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. வலிந்து பொருத்தினால் பல் தேயும், இல்லாவிட்டால் தொடாமல் சுற்றும். கட்டத் தொடங்குமுன் கொப்பியின் ஓரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. குத்துக்கு வேறு கணக்கு.

கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், மெல்லிய தட்டின் உயரம் 3.2. துளையுள்ள இரண்டு கட்டைகளை நேரடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் துளைகளுக்கு இடையே 9.6 வரும், எட்டின் மடங்குகளோடு அது ஒத்துப்போகாது. நடுவில் இரண்டு தட்டுகளை வையுங்கள். 9.6உம் 6.4உம் 16 ஆகிவிடும். இப்போது ஒரு துளைச் சட்டத்தைக் குத்தாக வைத்து மேலும் கீழும் ஆணியடித்ததுபோல் பின்களால் பூட்டலாம். இந்தக் குத்துச் சட்டம் இல்லாத பெட்டி, மோட்டார் முறுக்கும்போது வாய் பிளக்கும். கோபுரம் கட்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

4. வேகமா பலமா என்று முதலில் முடிவெடுங்கள்.

நம் காற்றாலையின் இறகுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ இருபது முறைக்குள்ளேயே சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் மின்பிறப்பாக்கியோ, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்காக, நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றையொட்டி ஓடவேண்டும். மெதுவான சுற்றை எழுபது எண்பது மடங்கு வேகமாக்கும் பற்சில்லுப் பெட்டி இரண்டுக்கும் நடுவே, கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. நீங்கள் மோட்டாரால் ஓட்டும் மாதிரியில் எல்லாம் தலைகீழ். மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது, இறகு மெதுவாகச் சுற்றவேண்டும்.

லெகோவின் நடுத்தர மோட்டார் பாரமில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்றுச் சுற்றும். இறகை நேரே அதில் பூட்டினால் அது மேசை விசிறியாகிவிடும். 8 பல் 24 பல்லைச் சுற்றினால் வேகம் மூன்றிலொன்று, முறுக்கம் மூன்று மடங்கு. அப்படி இரண்டு கட்டம் வைத்தால் ஒன்பதிலொன்று, நிமிடத்துக்கு நாற்பதுச் சொச்சம். திருகாணி வடிவிலுள்ள வோர்ம் 24 பல்லைச் சுற்றினால் ஒரே கட்டத்தில் இருபத்து நான்கிலொன்று. 380ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், பதினைந்துக்குச் சற்று மேலே வரும். வீட்டு வாசலில் நின்று பார்க்கும் அந்த நிதானமான சுற்று உங்கள் மேசையிலும் கிடைத்துவிடும்.

ஆனால் வோர்முக்கு ஒரு குணம் உண்டு. அது பற்சில்லைச் சுற்றும், பற்சில்லு அதைச் சுற்றாது. பாரம் தூக்கியில் இது வரம், பாரம் தானாகக் கீழே இறங்காது. காற்றாலையில், பார்க்க வந்த ஒரு சின்னப் பிள்ளை இறகைக் கையால் தள்ளினால் உள்ளே ஏதாவது உடையும். உராய்விலும் வலுவின் பெரும்பகுதியை அது விழுங்கும். மெல்லச் சுழலும் இலேசான இறகுக்கு அது தகும். வண்டிச் சில்லுக்கு வேண்டாம்.

2018இல் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனக் காற்றாலையை லெகோ 826 துண்டுகளில் ஒரு மீற்றர் உயரத்தில் வெளியிட்டது. மோட்டாரும் அதற்குள் இருந்தது. அதை வாங்கவேண்டும் என்பதில்லை. நமக்கு மூலமாதிரி வாசலிலேயே நிற்கிறது.

5. நீளமான அச்சை வேகமாக ஓடவிடுங்கள்.

மோட்டாரைக் கோபுரத்தின் அடியில் வைத்து உச்சிக்கு அச்சு ஏற்றுகிறீர்களா? வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுகளை அடியில் வைக்காதீர்கள், உச்சியில் இறகுக்குப் பக்கத்தில் வையுங்கள். அடியிலேயே குறைத்துவிட்டால் பெரிய முறுக்கம் முழுவதும் அந்த நீள அச்சு வழியாகப் போகவேண்டும். பிளாஸ்டிக் அச்சு முறுகி, அந்த முறுக்கைச் சேர்த்து வைத்து, திடீரென விடும். இறகு விட்டுவிட்டுச் சுற்றுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அச்சின் இரு முனையையும் சட்டம் தாங்கவேண்டும். பற்சில்லு அச்சின் நுனியில் தொங்கக் கூடாது. அச்சைப் பிடிக்கும் புஷ் சட்டத்தை நெரிக்கக் கூடாது, நடுவே ஒரு கடதாசி நுழையும் இடைவெளி விடுங்கள். நெரிக்கும் புஷ் ஒன்றே மோட்டாரை நிறுத்திவிடும்.

6. கட்டங்களைக் குறையுங்கள்.

ஒவ்வொரு பற்சில்லுச் சந்திப்பிலும் வலுவில் பத்திலொன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சந்திப்பு தாண்டினால் மிஞ்சுவது நூற்றுக்கு 59.

7. காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

‘டக், டக்’ என்று ஒழுங்கான இடைவெளியில் கேட்டால் பல் தாண்டுகிறது. பற்சில்லை மாற்றுவதால் பயனில்லை. சட்டம் அகன்று பற்கள் விலகுவதுதான் காரணம், ஆகவே சட்டத்தைக் கட்டுங்கள். செங்கோணத்தில் சேரும் கூம்புப் பற்சில்லுகள் ஒன்றையொன்று தள்ளிவிடும் குணமுள்ளவை. அவற்றின் முதுகுக்குப் பின்னால் நகரவிடாத தாங்கல் கட்டாயம் வேண்டும். மோட்டார் முனகிக்கொண்டு மெல்ல மெல்ல நின்றால் பாரம் அதிகம். சத்தமே இல்லாவிட்டால் பெட்டரியையும் வயரையும் பாருங்கள்.

ஒரு சுற்றில் பாதி வேகமாகவும் பாதி மெதுவாகவும் இறகு போனால் எடை சமமாக இல்லை. இறகை அதன் அச்சோடு மட்டும் கழற்றி, தாராளமாகச் சுழலவிட்டு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே இறகு கீழே வந்து நின்றால் அதுதான் கனம். மற்ற இரண்டுக்கும் ஒரு சிறு துண்டைக் கூட்டுங்கள்.

8. பிழையைப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டிவிட்டுத் திரும்பக் கட்டுவது தேடல் ஆகாது. அதே பிழையைத் திரும்பவும் கட்டுவீர்கள். தொடரின் நடுவில் ஓர் அச்சை மட்டும் உருவுங்கள். மோட்டார்ப் பக்கம் தனியாக ஓடுகிறதா? ஓடினால் பிழை மறுபாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். எட்டுச் சந்திப்புள்ள தொடரிலும் மூன்று பிரிப்பில் இடத்தைப் பிடித்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டரியையும் பற்சில்லையும் சேர்த்து மாற்றி மாதிரி ஓடிவிட்டால், எது பிழை என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

9. பெட்டரியும் உப்புக்காற்றும்.

ஆறு சாதாரண பெட்டரி, ஒவ்வொன்றும் 1.5 வோல்ற்று, மொத்தம் 9. மின்னேற்றும் வகை என்றால் ஒவ்வொன்றும் 1.2, மொத்தம் 7.2. அதனால் மோட்டார் சற்று மெதுவாக ஓடுவது பழுதல்ல. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். நம் ஊரில் உப்புக்காற்று செம்புத் தொடுகைகளைப் பச்சையாக்கிவிடும். ஓடாத மோட்டாரை எறியுமுன் அந்தத் தொடுகைகளைக் காய்ந்த துணியால் தேயுங்கள். மாதக்கணக்கில் விளையாடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் பெட்டரிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

சுற்றமுடியாமல் இறுகிய மோட்டார் சூடேறி நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். லெகோ மோட்டார்களுக்குள் சூட்டில் மின்னோட்டத்தைக் குறைக்கும் காப்பு இருக்கிறது. ஆறவிடுங்கள், திரும்ப ஓடும். ஆனால் இறுகிய காரணத்தைத் தீர்க்காமல் திரும்ப ஓட்டாதீர்கள்.

கடற்கரை மணல் புகுந்த பற்சில்லுகளை இளஞ்சூட்டு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மோட்டாரையும் பெட்டரிப் பெட்டியையும் நனைக்கக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய், கிறீஸ் எதுவும் பூச வேண்டாம், மணல் அதில் ஒட்டி அரைக்கும்.

10. நிற்கும் இடமுள்ள எதற்கும் வழுக்கும் பற்சில்லு வையுங்கள்.

உண்மைக் காற்றாலையின் தலை, காற்று வரும் திசைக்குத் தானே திரும்பும். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுகிப்போகும். அதனால் அது எத்தனை முறை திரும்பியது என்று இயந்திரமே கணக்கு வைத்து, எல்லை வந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை எடுத்துவிடும். உங்கள் மாதிரியின் தலையையும் மோட்டாரால் திருப்பினால் வயர் முறுகும். ஒரு கட்டையைத் தடையாக வையுங்கள். தடையில் முட்டியபின் மோட்டார் பல்லை உடைக்காமலிருக்க, நடுவில் வழுக்கும் 24 பல் பற்சில்லைப் பூட்டுங்கள். அளவுக்கு மீறிய முறுக்கம் வந்தால் அது உள்ளேயே நழுவிக்கொள்ளும்.

11. ஒரு நாள் மோட்டாரை மின்பிறப்பாக்கியாக்கிப் பாருங்கள்.

பழைய வகை மோட்டார்கள் இரண்டின் வயர்களைப் பெட்டரியில்லாமல் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றைக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். மற்றது தானாகச் சுழலும். இனி, நண்பரை அந்த இரண்டாவதை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையிலுள்ள மோட்டார் சட்டென்று கனக்கும். மின்சாரத்தை எவரோ பாவிக்கும்போது காற்றுக்கும் அதே கனம்தான். அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிவதும் அந்தக் கனத்தைத் தள்ளத்தான். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தாலும் உங்கள் விரல் அறிந்ததுபோல் ஆகாது. காற்றால் சுற்ற வைப்பதானால், தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களைப் பயன்படுத்துங்கள். அந்த மாதிரியில் வோர்ம் வேண்டாம். ஏன் என்று நான்காவதில் சொல்லிவிட்டேன்.

12. கழற்றுமுன் படம் எடுங்கள்.

ஓடிய மாதிரியைக் கழற்றுமுன் நாலு பக்கமும் தொலைபேசியில் படமெடுத்து, எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். ஓடாத மாதிரிக்கும் அப்படியே செய்யுங்கள், அது இன்னும் முக்கியம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பொருட்கள் மலிவல்ல, மீன்பிடியிலும் வெங்காயத் தோட்டத்திலும் வரும் காசு எப்படி வருகிறதென்று எனக்குத் தெரியும். வீட்டுக்கொரு பெட்டி வேண்டியதில்லை. நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்று போதும், பள்ளிக்கூடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. 2014இல் கலிபோர்னியாவில் சுபம் பானர்ஜி என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு லெகோ மைண்ட்ஸ்டோர்ம்ஸ் தொகுதியை முதலாக வைத்துப் பார்வையற்றோருக்கான பிரெய்ல் அச்சுப்பொறியைச் செய்தான். தேவைப்பட்டது ஒரு தொகுதிதான். ஒரு மோட்டார், 8 பல்லில் இரண்டு, 24 பல்லில் இரண்டு, சில அச்சுகள், சில துளைச் சட்டங்கள் என்று தொடங்குங்கள். விரலால் இலேசாகச் சுழலும் ஒரு தொடரைப் பிள்ளை கட்டிக் காட்டிய பிறகு இரண்டாவது மோட்டாரை வாங்கிக் கொடுங்கள்.